ஆன்டிவைரஸ் உலாவிக்குள் நுழைவதைத் தடுக்கலாமா?

நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "புதிய ஆன்டிவைரஸ் நிறுவிய நாள் முதல் பயர்பாக்ஸ் அடிக்கடி தானாக மூடிக்கொள்கிறது. முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, தேர்ட் பார்ட்டி என்று ஆங்கிலத்தில் (about:third-party) தட்டிப் பார்த்தால், அந்த ஆன்டிவைரஸின் டி.எல்.எல். கோப்புகள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றைத் தடுத்தால் கணினியின் பாதுகாப்பு போய்விடுமா?"

போய்விடாது. டி.எல்.எல். என்பது ஒரு மென்பொருள் தனக்குள் ஏற்றிக்கொண்டு இயக்கும் நிரல் கோப்பு. கோப்புகளைச் சோதிக்கும் வேலையை ஆன்டிவைரஸ் தன்னுடைய சொந்தச் செயல்முறையிலும் இயக்கியிலும் (டிரைவர்) செய்துகொண்டிருக்கிறது; உலாவிக்குள் அது நுழைத்திருப்பது ஒரு கிளை மட்டுமே. அந்தக் கிளையைத் தடுத்தால், போலி வங்கிப் பக்கங்களை உலாவிக்குள்ளேயே கண்டறிவது போன்ற சில வசதிகள் வேலை செய்யாமல் போகலாம்.

நுழைவது எப்படி என்று கேட்டால், பரவலான வழி ஒன்றைச் சொல்கிறேன். விண்டோஸில் ஒரு மென்பொருள், ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு மென்பொருளின் நினைவகத்தில் தன் டி.எல்.எல். இருக்கும் இடத்தை எழுதிவைத்து, அதற்குள்ளேயே ஒரு புதிய இழையை, அதாவது தனியாக ஓடும் ஒரு வேலைத் தொடரைத் தொடங்கி, அந்தக் கோப்பை ஏற்றிக்கொள்ளும்படி செய்துவிட முடியும். நச்சுநிரல்கள் கையாளும் வழியும் இதுதான் என்பது வேடிக்கை. வந்த விருந்தாளி உலாவியின் உள் அமைப்பை ஊகித்துத் தன் வேலையைச் செய்கிறது. அடுத்த பதிப்பில் அந்த அமைப்பு மாறினால் உலாவி முடங்குகிறது, பழியும் உலாவியின் மேலேயே விழுகிறது.

2017 நவம்பரில் கூகுள் தந்த கணக்கின்படி, விண்டோஸில் குரோம் வைத்திருப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் கணினிகளில் குரோமுடன் தொடர்புகொள்ளும் பிற மென்பொருள்கள் இருந்தன. உள்ளே நிரலைச் செலுத்தும் மென்பொருள் வைத்திருந்தோருக்கு உலாவி முடங்கும் வாய்ப்பு 15 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதனால் 2018 ஏப்ரலில் 66ஆம் பதிப்பிலிருந்து எச்சரிப்பது, ஜூலையில் 68ஆம் பதிப்பிலிருந்து தடுக்கத் தொடங்குவது என்று திட்டமிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் மின்னணுக் கையொப்பமிட்ட நிரல்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் மென்பொருள்கள், உள்ளீட்டு மென்பொருள்கள் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். மைக்ரோசாஃப்ட் தன் பழைய எட்ஜ் உலாவியில் 2015ஆம் ஆண்டிலேயே உரிய கையொப்பம் இல்லாத டி.எல்.எல். கோப்புகளுக்குக் கதவை அடைத்துவிட்டது.

பயர்பாக்ஸ் முடிவைப் பயனரிடம் விட்டிருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு முதல், நீங்கள் பார்த்த அதே பக்கத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் தடைப் பொத்தான் இருக்கிறது. கோப்பின் பெயர், வெளியிட்ட நிறுவனம், பதிப்பு எண் ஆகியவை அங்கே தெரியும். அந்தக் கோப்பின் நிரலில் பயர்பாக்ஸ் முடங்கியிருந்தால் அதைக் காட்டும் சின்னமும் இருக்கும். முதலில் அந்தச் சின்னத்தைத் தேடுங்கள். அது எந்தக் கோப்பின் பக்கத்தில் இருக்கிறதோ அதை மட்டும் தடுத்து, பயர்பாக்ஸை மறுபடி தொடங்கி, இரண்டு மூன்று நாள் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தடுத்தால் குற்றவாளி எது என்று கடைசிவரை தெரியாது. இதற்கிடையில் ஆன்டிவைரஸுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பல நேரங்களில் தீர்வு அங்கேயே இருக்கும்.

அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் திருட்டுத்தனமாக நுழைந்தவை அல்ல. படம் ஒன்றைச் சேமிக்க "சேவ் ஆஸ்" கொடுத்ததும் திறக்கும் பெட்டி விண்டோஸுடையது. அந்தப் பெட்டியோடு கிளவுட் சேமிப்பு மென்பொருளின் நீட்சியும் உலாவிக்குள் வந்துவிடும். அது பெரும்பாலும் தொல்லை தராது, விட்டுவிடலாம்.

இந்தத் தடையை நச்சுநிரலுக்கு எதிரான சுவராகவும் எண்ண வேண்டாம். நிர்வாகி உரிமையைக் கைப்பற்றிவிட்ட தீய நிரல் உலாவியின் கோப்புகளையே மாற்றிவிடும். அதை உலாவியால் தடுக்க முடியாது.

தடைப் பொத்தானை அழுத்தும் முன் இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய நீங்கள் நிறுவியிருக்கும் உள்ளீட்டு மென்பொருளின் கோப்பும் அதே பட்டியலில் இருக்கலாம். அதைத் தடுத்துவிட்டு, உலாவியில் மட்டும் தமிழ் வரவில்லையே என்று அடுத்த வாரம் எனக்கு எழுதாதீர்கள்.