அப்பாவோடு வேட்டைக்குப் போனவர் கேட்ட கேள்வி

சரி, அடுத்த கேள்வி. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வாசித்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். "சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு பன்றி வேட்டைக்குப் போவேன். அவரோடு ஒட்டுதலாக இருந்தது அப்போதுதான். இப்போது என் மகனுக்குப் பத்து வயது. அவனையும் அப்படிக் கூட்டிக்கொண்டு போகலாமா? மனைவி வேண்டாம் என்கிறார்."

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மரை, மான், சிறுத்தை எல்லாம் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். 1937ஆம் ஆண்டிலிருந்தே அதற்கென்று சட்டம் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கோடு பிடிபட்டால் பிள்ளையின் முன்னாலேயே வழக்கு. அதனால் இந்த விஷயத்தில் நான் உங்கள் மனைவி, அந்தத் தங்கச்சியின் பக்கம்தான்.

ஆனால் தம்பி, அப்பாவோடு ஒட்டுதல் ஏன் அங்கே வந்தது என்று யோசித்தீர்களா? நீங்கள் என்னிடம் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

நம் பேச்சைத் தொடர்ந்து கேட்பவர்களுக்குப் பிரட்டுக்களத்தைப் பற்றி நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று தெரியும். இன்னொரு தடவையும் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக்கொடுப்பதுதான் பிரட்டு. அப்பா அங்கே போய் நிற்பவர். எந்த மலைக்கு என்ன வேலைக்குப் போக வேண்டும் என்று வேறொருவர் சொல்வார். பிந்திப் போனால் பேச்சு வாங்க வேண்டும். வேலை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். வேலையை மேற்பார்க்கும் கங்காணி அதட்டும்போது பிள்ளை பக்கத்தில் நின்றாலும் அவர் வாய் திறக்க முடியாது. அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை மானாப்புல்லைத் தாண்டிக் காட்டோரம் ஏறினால், கூட வந்த ஆட்கள் அவர் கை காட்டிய பக்கம் போவார்கள். நாய்கள் அவர் ஒரு சத்தம் கொடுத்தால் நின்றுவிடும். அப்பாவுக்கு இவ்வளவு தெரியுமா என்று பிள்ளை அங்கேதான் முதல்முறையாகப் பார்க்கிறான். உங்களை அவரோடு ஒட்டவைத்தது அதுதான் தம்பி. பன்றி கிடைக்காமல் திரும்பி வந்த நாட்களும் உங்களுக்கு இனிப்பாகத்தானே இருக்கின்றன?

என் அப்பாவும் போவார். ஓடையோரச் சேற்றில் குந்தி உட்கார்ந்து தடத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு போடுவார். முன்னால் இரண்டு குளம்பு மழுங்கலாக, அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் விலகி இரண்டு சின்னக் குழி இருந்தால் பன்றி. மரையின் குளம்பு நீளமாக, முன்பக்கம் ஒடுங்கி இருக்கும். இறுகிய மண்ணில் அந்தப் பின்குழி விழாது. சேறு இளகலாக இருந்தாலோ மரை ஓடியிருந்தாலோ விழும், அவசரப்பட்டுச் சொல்லாதே என்பார். நாயின் தடத்தில் நகம் தெரியும், சிறுத்தையின் தடத்தில் தெரியாது, அது நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். வீட்டில் அவர் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

வெள்ளைக்காரத் துரைமாரின் வேட்டைக்குச் சரித்திரம் இருக்கிறது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்களை விட்டு மரையைத் துரத்திக் கத்தியால் குத்தி வேட்டையாடியவர். ஹோட்டன் சமவெளியில் ஒரு நீர்வீழ்ச்சிக்கு இன்றும் அவர் பெயர்தான். நம் அப்பாமாருக்கு இருந்த காட்டறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளிடம் மட்டும்தான் அது இருக்கிறது, எனக்கு அந்தக் கவலை நிறைய உண்டு.

இப்போது நடப்பது பெரும்பாலும் கம்பிச் சுருக்கு. அதில் அப்பனும் இல்லை, பிள்ளையும் இல்லை. கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பன்றிக்கு என்று கட்டுவார்கள், எது மாட்டும் என்று கம்பிக்குத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்சபான தோட்டத்தில், ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டியது. உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாட்களில் செத்துப்போனது. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி கிளறிப்போட்டால் வயிறு எரியும், அது எனக்கும் தெரியும். அதற்காகச் சுருக்கு கட்டுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. தயவுசெய்து உங்கள் மகனுக்கு அதைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அம்மாவோடு விறகுக்குப் போன பிள்ளைகளுக்கும் இதே கதைதான். எது நின்று எரியும், எது புகையும், எந்தக் கீரையைக் கிள்ளலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே நடப்பாள். கொழுந்துக் கூடையும் அடுப்பும் இல்லாத நேரம் அவளுக்கு அது ஒன்றுதான்.

ஆகவே தம்பி, மகனைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். துவக்கும் வேண்டாம், சுருக்கும் வேண்டாம். மழை விட்ட மறுநாள், வெயில் ஏறிய பிறகு, ஓடையோரமாகப் போங்கள். காட்டுக்குள் இறங்க வேண்டாம். நாயை வீட்டில் கட்டிவிட்டுப் போங்கள், சிறுத்தைக்கு நாய் என்றால் விருப்பம். தடத்தை முதலில் அவனையே சொல்லவிடுங்கள், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று எழுதவில்லை. இருந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். நடக்க முடிந்த தூரம் போதும், அவரை முன்னால் நடக்கவிடுங்கள்.