கூடம் கோணல்தான், ஐயா!

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இரண்டு கூட்டங்களை ஒத்திவைத்துவிட்டு வந்து முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நாற்காலி பற்றாமல் தன் நாற்காலியையே தூக்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கும் நூலகர் தம்பி அவர்களே, இந்த மைக்கை இரைய விடாமல் காக்கும் மைக்செட் நண்பரே, எல்லோருக்கும் வணக்கம். போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி. வியர்க்கிறது, அதனால் மடித்து வைத்திருக்கிறேன்.

பேராலயங்களின் பைப் ஆர்கன் இசையை வீட்டில் கேட்டு ரசிப்பது பற்றி மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். பைப் ஆர்கன் என்றால், ஹார்மோனியம் போலக் கட்டைகளை அழுத்தினால் பெரிய பெரிய குழாய்களுக்குள் காற்றுப் புகுந்து ஒலிக்கும் வாத்தியம். அந்த வாத்தியம் எப்படிப்பட்டது, வீட்டில் எப்படிக் கேட்பது, எந்தப் பதிவுகளை வாங்குவது.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். எங்கள் அம்மா இதைச் சொல்லாத நாளே கிடையாது. ஆனால் ஆர்கன்காரர் மட்டும் கூடத்தைக் குறை சொல்லலாம். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்து ஆர்கனில் ஏறக்குறைய 8000 குழாய்கள். நாதஸ்வரம் போல உறையில் போட்டு எடுத்துப் போக முடியுமா? கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஒலி 6 வினாடி போலக் கல்தூண்களுக்கு நடுவே சுற்றுகிறது. அது அடங்குவதைக் கணக்குப் பண்ணித்தான் வாசிக்கிறார்கள். அதாவது கூடமும் சேர்ந்து வாசிக்கிறது.

அங்கே 1900 முதல் வாசித்தவர் லூயி வியர்ன். பிறவியிலேயே பார்வை மிக மங்கல். ஆர்கனில் உட்கார்ந்தபடியே உயிர் போக வேண்டும் என்பது அவர் ஆசை. 1937 ஜூன் 2, அவருடைய 1750ஆவது கச்சேரி. பக்கத்தில் இன்னொரு ஆர்கன்காரர் மோரிஸ் துருஃப்ளே துணைக்கு நிற்கிறார். ஆர்கனில் கைக்கு மட்டுமல்ல, காலுக்கும் கட்டைகள் உண்டு, தெரியுமல்லவா? நம் தையல் மிஷின் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், காலாலேயே தனியாக ஒரு பாட்டு வாசிப்பார்கள். சரி, கதைக்கு வருகிறேன். எழுதி வைத்ததை வாசித்து முடித்தார். அடுத்து, பிரெயிலில் கொடுத்த ஒரு மெட்டை விரல்களால் தடவிப் படித்துவிட்டு, மனோதர்மமாக வாசிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அப்படியே சரிந்தார். கால் ஒரு கட்டைமேல் விழுந்தது. கீழ்ஸ்தாயியில் ஒரே ஒரு சுரம், பேராலயம் முழுக்க ஒலித்தது. கீழே உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு அது கச்சேரியா வேறெதுவுமா என்று எப்படித் தெரியும்? (அரங்கில் அமைதி.) 2019இல் அதே பேராலயத்தின் கூரை எரிந்தது. ஆர்கன் எரியவில்லை. மேலெல்லாம் ஈயத்தூசி படிந்துபோக, குழாய்களைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார்கள். 2024 டிசம்பரில் மறுபடி ஒலித்தது.

அப்புறம், வீட்டு விஷயம். பெரிய ஆர்கனின் 32 அடிக் குழாய் வினாடிக்கு 16 முறைதான் அதிர்கிறது. மனிதக் காதுக்குக் கீழ் எல்லை 20 என்பார்கள். அதைக் காதால் கேட்பதைவிட உடம்பால்தான் உணர வேண்டும். செல்போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. நானும் கடைக்காரர் பேச்சை நம்பி ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்கினேன். கீழ்ஸ்தாயி வந்ததும் அலமாரி எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தன. நான் போட்டிருந்தது ஜெர்மானிய இசைமேதை பாக்கின் ஆர்கன் இசை. பாக் வாசித்ததா, டம்ளர் வாசித்ததா என்று என் மனைவி கேட்டாள். பத்துக்குப் பத்து அறை, மேலே மின்விசிறி, பக்கத்து வீட்டில் சீரியல். ஆடத் தெரிந்தவளுக்கும் கூடம் கோணல்! ஜன்னலைச் சாத்தி, திரையைப் போட்டு, டம்ளருக்கு அடியில் துண்டு விரித்தேன். பாதி சரியானது.

மீதிப் பாதிக்குத்தான் நகர்மன்றத் தலைவர் அம்மாவைப் பார்க்கிறேன். இந்த நூலகத்தின் மாடியில் பழைய நாளிதழ்க் கட்டுகள் அடைந்து கிடக்கும் நீள அறை ஒன்று இருக்கிறது. உயரமான கூரை. அதைக் காலி செய்து, நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் இருபது நாற்காலியும் போட்டால், ஊருக்கே இசை கேட்கும் அறை கிடைத்துவிடும். ஆர்கன் மட்டுமா, நாதஸ்வரமும் கேட்கலாம். நாளிதழ்க் கட்டுகளை எங்கே வைப்பது என்று நூலகர் தம்பி முகத்தைச் சுளிக்கிறார். என் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது, கூடம் கொஞ்சம் கோணல், அவ்வளவுதான்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. எந்தப் பதிவுகளை வாங்குவது என்பது அடுத்த ஆண்டு விழாவில். வாசலில் மேஜைமேல் மனு இருக்கிறது. நேற்று வைத்த பேனாவை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் தயவுசெய்து அவரவர் பேனாவில் போடுங்கள்.