ஸகோரியின் கற்கூரைத் தேவாலயங்கள்

வணக்கம் நேயர்களே. கிரீஸின் வடமேற்கில், பிண்டஸ் மலைத்தொடரில் ஸகோரி என்றொரு பகுதி இருக்கிறது. மொத்தம் 46 கிராமங்கள். சுவர், கூரை, தெரு எல்லாமே கல். அங்குள்ள நெகாதெஸ் என்ற சிற்றூரின் புனித ஜார்ஜ் தேவாலயத்தைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேசப் போகிறேன்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த கட்டடம் அது. வெளியிலிருந்து பார்த்தால் ஆடம்பரமே தெரியாது. தாழ்ந்து நீண்ட கட்டடம், மேலே பலகைக்கல் வேய்ந்த கனமான கூரை. அன்று ஆண்ட ஒட்டோமான் அரசின்கீழ் தேவாலயங்கள் பெரிதாகத் தலைதூக்க முடியாது. சரி என்று உள்ளே நுழைந்தால், கைப்பிடி அளவு இடம்கூட விடாமல் சுவரெங்கும் ஓவியங்கள்! பலிபீடத்தின் முன்னே நுணுக்கமாகச் செதுக்கிய மரத் திரைச்சுவர்.

அந்த ஓவியங்களில் பழைய கிரேக்க அறிஞர்களான அரிஸ்டாட்டிலும் புளூட்டார்க்கும் இருக்கிறார்கள். இருவருமே கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனாலும் புனிதர்கள் நிறைந்த இடத்தில் அவர்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. இது ஒரு ஓவியரின் தனி விருப்பமல்ல. அருகிலுள்ள யானினா நகரத்து ஏரித் தீவின் மடாலயம் ஒன்றில் 1560-லேயே பிளேட்டோ முதலான பழைய அறிஞர்களை வரைந்திருக்கிறார்கள். உண்மையைத் தேடிய முன்னோரையும் தம்மவராகவே எண்ணிய அந்த மனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? ஸகோரி ஆண்கள் இன்றைய ருமேனியாவுக்கும் கான்ஸ்டான்டினோபிளுக்கும் வியாபாரம் செய்யப் போனார்கள். அவர்கள் அனுப்பிய காசு தேவாலயமாக, பள்ளிக்கூடமாக, கல்பாலமாக நின்றது. கட்டியவர்களில் பலர் கோனிட்சா என்ற ஊர்ப் பக்கத்துக் கொத்தனார்கள். வசந்தத்தில் கூட்டமாகக் கிளம்பி ஊர் ஊராக வேலை செய்வார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு ரகசிய மொழியே வைத்திருந்தார்கள். நிலநடுக்கம் வந்தால் சுவர் பிளக்காமலிருக்க, கல்வரிசைகளுக்கு நடுவே மரச்சட்டங்களைப் பதிப்பது அவர்கள் வழக்கம்.

அப்புறம், பல ஊர்களுக்கு மேலே ஒரு கோயில்காடு உண்டு. அந்தக் காலத்தில் அதில் மரம் வெட்டினால் திருச்சபையிலிருந்தே விலக்கிவிடுவார்கள். மண்சரிவிலிருந்து ஊரைக் காத்தது அந்தக் காடுதான்.

2023-ல் யுனெஸ்கோ ஸகோரியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சி. ஆனால் என் கவலை கூரையைப் பற்றியது. ஒரு பலகைக்கல் நகர்ந்தால் மழைநீர் இறங்கும், உத்தரம் உளுத்துப்போகும், பிறகு ஓவியம் உதிரும். கல் அடுக்கத் தெரிந்த கொத்தனாருக்கு வேலையும், அவரிடம் கற்க வரும் இளைஞருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். ஓவியப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் நிதியில் முதல் பங்கு அதற்கே போகட்டும் என்பேன்.

நன்றி, வணக்கம்.