டயருக்குக் காற்று பிடிக்கும் ஆக்சில்

வணக்கம் நேயர்களே. நெடுஞ்சாலை ஓரமாக லாரியை நிறுத்திவிட்டு, கிளீனர் ஒரு கம்பியால் டயர் டயராகத் தட்டிக்கொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று சுத்தமாக இறங்கிய டயர் அந்தச் சத்தத்தில் மாட்டிக்கொள்ளும். ஆனால் காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐ இருக்கவேண்டிய இடத்தில் 80 இருந்தால் காதுக்கு அது பிடிபடாது, அதிலும் பின்னாலிருக்கும் ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் என்றால் கேட்கவே வேண்டாம், பக்கத்து டயர் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் வண்டியும் சாயாது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடேறுமே, அப்படித்தான் காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடாகி, கடைசியில் ஓட்டத்திலேயே வெடிக்கிறது.

அமெரிக்காவில் நிறைய டிரெய்லர்களில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த வேலைப்பாடு அது. காற்றழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக்குக்காக வண்டியில் கம்ப்ரஸர் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் காற்றில் கொஞ்சத்தை உள்ளே கூடாக இருக்கும் ஆக்சில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அச்சு வழியாகச் சக்கரம் வரை கொண்டுபோகிறார்கள். ஆக்சில் சுற்றாது, சக்கரம் சுற்றும், அங்கேதான் சிக்கல். அதனால் ஹப்பின், அதாவது சக்கரத்தின் மையப்பகுதியின், நடுவில் சுழலும் இணைப்பு ஒன்று, அதிலிருந்து ஒவ்வொரு டயர் வால்வுக்கும் ஒரு சின்ன ஹோஸ். அளவு குறைந்தால் காற்று தானாக ஏறும். பிரேக் டேங்கில் காற்று குறைந்துவிட்டால் டயருக்குப் போகும் வழியை ஒரு வால்வு மூடிவிடும். முதல் உரிமை பிரேக்குக்குத்தான், அதில் பேச்சே இல்லை.

ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதி இரண்டாம் உலகப் போரிலேயே வந்துவிட்டது. தண்ணீரிலும் தரையிலும் ஓடிய டக் என்ற அமெரிக்க ராணுவ லாரியில், கடற்கரை மணலில் ஏறும்போது காற்றை இறக்குவார்கள், டயர் அகலமாகப் படிந்து புதையாமல் ஏறிவிடும், அப்புறம் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள்.

இப்போது கார்களில் வருவது பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். காற்று குறைகிறது என்று சொல்லும், ஏற்றாது. காருக்கு அது போதும், பாரவண்டிக்குப் போதாது என்பது என் கருத்து.

இந்த டிரெய்லர்களிலும் ஒரு விளக்கு உண்டு, ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தால் தெரிகிற இடத்தில். காற்று ஏறும்போது எரியும். கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தால் சரி. அணையாமல் எரிந்தால் எங்கோ ஆணி குத்தியிருக்கிறது, இல்லை ஹோஸ் கசிகிறது, காற்று ஏறிக்கொண்டே இருப்பதால் ஓட்டை வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். அடுத்த பஞ்சர் கடையில் நிறுத்தி, முதலில் அந்த உள்பக்கத்து டயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.