வகுப்பு ரீச்சருடையது

(வன்னிப் பாடசாலைகளில் பயிற்சி ஆசிரியர்களாகத் தொண்டு செய்ய வெளிநாடுகளிலிருந்து வந்த இளையோருக்கு, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் கிளிநொச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அதிபர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும், லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று எங்கெங்கோ இருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வேறு நாட்டுக்குப் போய்த் தொண்டராகப் படிப்பிப்பது புது விஷயமில்லை. பிரித்தானியாவின் வீ.எஸ்.ஓ. என்ற தொண்டர் அமைப்பு 1958இல் தொடங்கியது, அமெரிக்காவின் பீஸ் கோர் என்ற தொண்டர் அமைப்பு 1961இல். ஆனால் வன்னியில் தொண்டர் ஆசிரியர் என்றால் சனத்துக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் ஊர்ப் பிள்ளைகள். போர்க்காலத்தில் நியமனக் கடிதம் இல்லாமல், சிறு கொடுப்பனவுக்கோ சும்மாவோ, இடம்பெயர்ந்த இடங்களில் மரநிழலிலும் வகுப்பெடுத்தவர்கள். பிறகு நிரந்தர நியமனம் கேட்டு வருடக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. உங்களுக்குப் பொறுப்பாக வரும் ரீச்சர்மாரில் அப்படியானவர்களும் இருப்பார்கள். அவர்களின் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அந்த ஒரு பார்வையை வகுப்பு முழுக்கக் கவனித்துவிடும். நீங்கள் விமானம் ஏறின பிறகும் அந்த வகுப்பில் நிற்கப்போவது அவர்தான்.

அதனால் நான் கேட்பது, வகுப்பை நீங்கள் கையிலெடுக்க வேண்டாம். ரீச்சருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முதல் கிழமை கடைசி வாங்கில் இருந்து சும்மா பாருங்கள். எங்கள் பிள்ளைகள் தரம் 3இலிருந்து ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். இடைவெளி நிரப்பச் சொன்னால் நிரப்புவார்கள், வாய் திறக்கச் சொன்னால் திறக்கமாட்டார்கள். தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்கு எழுத்து போதும் என்று எல்லோரும் சேர்ந்து பழக்கிவிட்டோம். உங்கள் தேவை அங்கேதான்.

முன்பு வந்த ஒரு தம்பி தரம் 7இல், வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வகுப்பு கப்சிப். பின்னாலிருந்த ரீச்சர், "தம்பி, இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ஞ்சதைக் கேளுங்கோ" என்றார். அவ்வளவுதான். "வாட்டர்!" "பிக் ஃபிஷ்!" ஒரு பொடியன் எழும்பி, "மை அங்கிள் கேட்ச் விரால்" என்றான். தம்பி கரும்பலகையில் 'கேட்ச்' என்று எழுதி, அதை அழித்து இறந்தகாலத்தில் 'கோட்' (caught) என்று எழுதினார். ஒருத்தரும் சொல்லாமலே கொப்பிகள் திறந்தன. கேள்வி ரீச்சருடையது, ஆங்கிலம் தம்பியுடையது. ஒருவரிடம் மட்டும் விட்டிருந்தால் அந்தப் பாடம் நடந்திருக்காது.

ரீச்சரைக் கேட்காமல் செய்யக்கூடாத ஒரு பாடமும் இருக்கிறது. 'எனது குடும்பம்' என்று படம் கீறச் சொல்வது. இன்று தரம் 7இல் இருக்கிற பிள்ளை 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தது, உண்மைதான். ஆனால் மாமா எங்கே என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் போராட்டத்தைத் தொடங்கியது இதே கிளிநொச்சியில், கந்தசுவாமி கோவிலடியில். அம்மா மத்திய கிழக்கில் வேலை செய்கிற பிள்ளையும் அதே வாங்கில் இருக்கும். எந்தப் பிள்ளையிடம் எதைக் கேட்கக்கூடாது என்பது ரீச்சருக்குத் தெரியும். பிள்ளைகளின் படத்தை முகநூலில் போடுவதும் வேண்டாம். அதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சரி, எப்போது வருவது என்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். உங்கள் கோடை விடுமுறைக்கு வந்தால், வழமையாக ஆகஸ்டில் எங்களுக்கும் லீவு. அதற்கு முந்திய கிழமைகள் தவணைப் பரீட்சை. பூட்டின பள்ளிக்கூடத்தில் யாருக்குப் படிப்பிப்பது? தவணை தொடங்கும்போது வாருங்கள். ஜனவரி என்றால் கனடாக் குளிருக்குத் தப்பியதாகவும் இருக்கும். சுற்றுலா விசாவில் வந்து வகுப்பில் நிற்கலாம் என்று அடுத்த முறை வருகிறவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். சம்பளம் இல்லாத வேலைக்கும் அது சரிவராது. வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் முன்கூட்டியே எடுக்கவேண்டும்.

தேநீர் வருகிறது. ரீச்சர்மார் முன்வரிசையில் இருக்கிறார்கள். உங்கள் ரீச்சர் யாரென்று கேட்டுப் போய், திங்கட்கிழமை ஆங்கிலம் எத்தனையாவது பாடவேளை என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். காலைப் பிரார்த்தனை ஏழரைக்கு, பிந்தாதீர்கள்.