கோமாளி ஏன் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்?

[காட்சி: வெறும் மேடை. ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.]

வணக்கம். கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க, சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்போமே, அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். அவர் இப்போதுதான் ரசத்துக்கு வந்திருக்கிறார். இலையைப் பார்த்தால் அவசரப்படுத்துவது போல இருக்கும். பார்க்காமல் இருந்தால் இடம் போய்விடும். கையை எங்கே வைப்பதென்றே தெரியாது. புதுச்சேரி மண்டபங்களில் இந்தச் சங்கடத்தைப் படாதவர்கள் குறைவு.

ஒற்றை ஆள் கோமாளி நிகழ்ச்சிக்கு இது ஒன்றே போதும். வசனமே வேண்டாம். பின்னால் நிற்கிறார், நகர்கிறார், கையைக் கட்டுகிறார், அவிழ்க்கிறார். எதுவும் சரிப்படவில்லை. அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறார். அரங்கம் சிரிப்பது அங்கேதான்.

[காட்சி: சிவப்பு மூக்கு, மிக அருகில்.]

பாரிஸில் 1956இல் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக் இதை வகுப்பிலேயே கண்டார். மாணவர்களை ஒவ்வொருவராக வந்து சிரிக்க வைக்கச் சொன்னார். என்னென்னவோ சேட்டை செய்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. தோற்றுப்போய், முகம் வாடி, இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு வந்தது. நடிப்பு நின்றதும் உள்ளே இருந்த ஆள் தெரிந்துவிட்டார்.

நம் ஊர்த் தெருக்கூத்தின் கட்டியக்காரனும் பார்வையாளரிடம் நேராகப் பேசுகிறவர்தான். ஆனால் அவர் வாய்த்துடுக்கானவர், ராஜாவையே கிண்டல் செய்வார். இந்தக் கோமாளிக்குப் பேச்சே எழாது.

[காட்சி: கூட்டத்துக்கு நடுவே ஒரு டி-ஷர்ட்.]

2000இல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாடகர் பாரி மனிலோ படம் போட்ட, போடவே கூச்சமான டி-ஷர்ட்டோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் கிட்டத்தட்ட பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான்.

பந்தியிலும் அப்படித்தான், அவரவர் கண் அவரவர் இலையில். கோமாளிக்கு மட்டும் அந்தத் தப்பிப்பு கிடையாது. எல்லாரும் அவரைத்தான் பார்க்கிறார்கள், தெரிந்தே அங்கே நிற்கிறார். அதனால்தான் இந்தக் கலை மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. கூச்சப்படுகிறவரை அது கேலி செய்வதில்லை, அவர் பக்கம் நிற்கிறது.

[காட்சி: பார்வையாளர் வரிசைகள்.]

முன்வரிசையில் உட்கார்ந்தால் உங்களையும் பார்ப்பார், கை நீட்டி அழைக்கவும் செய்யலாம். மேடைக்குப் போக மனமில்லையா? சரி, தலையாட்டி மறுத்துவிடுங்கள். நல்ல கோமாளி அந்த மறுப்பையும் வாங்கிக்கொண்டு அதை வைத்தே அடுத்த ஐந்து நிமிடம் விளையாடுவார்.