ஏரியில் ஸ்கீயிங்: விழுந்த பிறகு வரும் அந்தச் சில நிமிடங்கள்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் ஏரி தெரிகிறதா? காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. இந்த வெப்பமானியைக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள்: கரையோரத் தண்ணீர் 31 டிகிரி செல்சியஸ். கையை விட்டால் குளியலறைத் தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது. இன்று பேசப் போவது இந்த வெதுவெதுப்பைப் பற்றித்தான்.

நான் வாட்டர் ஸ்கீயிங், அதாவது காலில் பலகை மாட்டி, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துத் தண்ணீர் மேல் சறுக்கும் விளையாட்டு, செய்கிறேன் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "முதலை இருக்காதா?" என்பதுதான். நியாயமான கேள்வி, அதற்கும் வருகிறேன். ஆனால் பலகை மேல் நின்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஏரியில் இருக்கிற பெரும்பாலான ஆபத்துகள் நம்மைத் தொடுவதில்லை. நம் முகம் தண்ணீருக்கு மேலே இருக்கிறது, படகு மணிக்கு 40, 50 கிலோமீட்டரில் இழுக்கிறது. ஆபத்து நாம் ஓடாத நேரத்தில்தான் இருக்கிறது. கிளம்பும் நொடி, விழும் நொடி, விழுந்த பிறகு படகு திரும்பி வரும்வரை தண்ணீரில் கிடக்கிற அந்தச் சில நிமிடங்கள். கயிற்றைப் பிடிக்கும்போது நான் யோசிப்பது அந்த நேரத்தைப் பற்றித்தான்.

முதலில் கிளம்புவது. ஆழத்தில் கிளம்பும்போது முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குறுகி உட்கார்ந்த நிலையில் மிதப்போம். பலகையின் முனை மட்டும் வெளியே தெரியும். கை நேராக நீண்டிருக்கும். படகு இழுத்ததும் எழுந்து நிற்கும்வரை தண்ணீர் நேராக முகத்தில் வந்து மோதும். அந்த இரண்டு மூன்று நொடிகளில் மூக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறுவது சர்வ சாதாரணம். வேகத்தில் முகம் குப்புற விழுந்தால் அதைவிட மோசம். நெற்றிக்குள் சுரீரென்று ஏறும், விழுந்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

வெதுவெதுப்பான நன்னீரில் அந்த மூக்குத் தண்ணீர்தான் எனக்குப் பெரிய கவலை. நெக்லேரியா ஃபௌலரி என்ற அமீபா, செய்திகளில் 'மூளையைத் தின்னும் அமீபா' என்று படித்திருப்பீர்கள். 46 டிகிரி வரை சூட்டைத் தாங்கி வளரும். ஏரியின் அடிச் சேற்றிலும் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது. மூக்கில் ஏறினால்தான் அது வாசனை நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மிக மிக அரிது, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா முழுவதிலும் சேர்த்து வருடத்துக்குப் பத்துப் பேருக்குக்கூட வருவதில்லை. ஆனால் 1962 முதல் அங்கே பதிவான 160-க்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். 2025 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தில் ஒருவர் இதே நோயில் இறந்துபோனார். சில நாள் முன்பு ஓசார்க்ஸ் ஏரியில் வாட்டர் ஸ்கீயிங் செய்தபோது தொற்றியிருக்கலாம் என்று அந்த மாநிலச் சுகாதாரத் துறை சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதோ, இதைப் பாருங்கள். மூக்குக் கிளிப். ஒரு சின்னக் கம்பி வளைவு, இரண்டு முனையிலும் ரப்பர் பொத்தான். இந்தக் கயிற்றை நானே கட்டிக்கொண்டேன், ஏனென்றால் விழும்போது கழன்று போகும், கயிறு இருந்தால் கழுத்திலேயே தொங்கும். கிளம்பும் முன் மூக்கைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள், சன்ஸ்கிரீன் பிசுபிசுப்பில் நழுவும். அதோடு, ஆழமில்லாத இடத்தில் காலால் சேற்றைக் கலக்காதீர்கள். பல நாள் வெயிலடித்து நீர்மட்டம் இறங்கியிருக்கிற காலத்தில் நான் தண்ணீரிலேயே இறங்குவதில்லை.

கிளிப் மாட்டும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு மோசமான விழுகை. நான்காவது நாள் காய்ச்சல், தலையைப் பிளக்கும் வலி. மருத்துவரிடம் போனேன். பருவக் காய்ச்சல் என்று எழுதத் தொடங்கினார். "டாக்டர், நான்கு நாள் முன்பு ஏரியில் விழுந்தேன், மூக்கில் நிறையத் தண்ணீர் ஏறியது" என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கழுத்தை முன்னால் வளைக்கச் சொன்னார், பரிசோதனைகளுக்கு அனுப்பினார். கடைசியில் அது சைனஸ் தொற்றுதான். ஆனால் நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் எப்படி யோசித்திருப்பார்? மூக்கில் தண்ணீர் ஏறி 1 முதல் 12 நாளுக்குள் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், ஏரியைப் பற்றி முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இந்த நோயில் ஒரு நாள் என்பது ரொம்பப் பெரிய நேரம்.

சரி, இப்போது முதலை. ஃபுளோரிடாவின் வின்டர் ஹேவனில் 1936-இல் தொடங்கிய சைப்ரஸ் கார்டன்ஸ் பூங்கா ஸ்கீயிங் காட்சிகளுக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. முதலையின் உறவான அலிகேட்டர்கள் நிறைந்த மாநிலம் அது. அந்த மாநிலத்தில் இன்றும் ஸ்கீயிங் நடக்கிறது. அலிகேட்டர் பெரும்பாலும் மனிதரை விட்டு விலகிப் போகும், அந்தி முதல் விடியல்வரைதான் அதிகம் நடமாடும். மனிதர் கையால் தீனி தின்று பழகியதுதான் பயம் விட்டுக் கிட்டே வரும். அதனால்தான் காட்டு அலிகேட்டருக்குத் தீனி போடுவதை அங்கே சட்டமே தடுக்கிறது. நைல் முதலையும் உப்புநீர் முதலையும் வேறு ரகம். அவை மனிதரை இரையாகவே பார்க்கும். பெயரில் உப்புநீர் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், ஆற்றிலும் உள்நாட்டு நன்னீரிலும் அது நன்றாக வாழும். இந்த இரண்டில் ஒன்று இருக்கிற தண்ணீரில் நான் ஸ்கீயிங் செய்ய மாட்டேன், யார் கூப்பிட்டாலும் சரி. நீர்யானை இருந்தாலும் அப்படித்தான். ஐந்து நிமிடம்வரை மூச்சடக்கித் தண்ணீருக்குள்ளேயே இருக்கும், படகு அதன் தலைக்கு மேலே போகும்வரை நமக்குத் தெரியாது.

ஆபத்து குறைந்த ஏரியிலும் தண்ணீரில் கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஒருமுறை படகில் ஓட்டுபவர் மட்டும்தான் இருந்தார், பின்னால் ஸ்கீயரைக் கவனிக்கும் ஸ்பாட்டர் இல்லை. நான் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. கயிறு சும்மா வருவது தெரிந்து அவர் திரும்பி வர எட்டு நிமிடம் ஆனது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அந்த எட்டு நிமிடமும் நான் கரையோர நாணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பின்னால் பார்க்க ஒரு ஆள் இல்லாமல் நான் கயிற்றைத் தொட்டதில்லை, மாலை ஐந்து மணிக்குப் பிறகு இறங்கியதும் இல்லை.

விழுந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேலே கோத்துக் காட்டுங்கள், "நலமாக இருக்கிறேன்" என்று அர்த்தம். அப்புறம் ஒரு பலகையைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடியுங்கள். தண்ணீரில் கிடக்கும் ஒரு தலை மற்றப் படகுகளுக்குத் தெரியவே தெரியாது. முதலையைவிட அந்தப் படகுகள்தான் எனக்குப் பயம். நம் படகு கிட்டே வந்ததும், ஓட்டுபவர் இருக்கிற பக்கமாக நம்மை வைத்து, இன்ஜினை முழுதாக அணைத்த பிறகுதான் ஏணியைத் தொட வேண்டும். நியூட்ரலில் போட்டால் போதாது. லைஃப் ஜாக்கெட் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம், மயங்கி விழுந்தாலும் மிதக்க வைப்பது அதுதான். நியோபிரீன் என்ற தடித்த ரப்பர் துணிக் கால்சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், பெண்கள் கட்டாயமாக. வேகத்தில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தால் தண்ணீர் உடலுக்குள் பீய்ச்சி ஏறி உள்காயம் ஆகும். இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

கரையோரத்துக்கு வருவோம். ஆப்பிரிக்காவில் மலாவி ஏரி, விக்டோரியா ஏரி போன்ற இடங்களில் நத்தைகளிலிருந்து வெளிவரும் பில்ஹார்சியா புழுக்கள் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் எதுவும் தேவையில்லை. செடி மண்டிய ஆழமற்ற கரையில்தான் இந்த ஆபத்து அதிகம், பலர் இடுப்பளவு தண்ணீரில் முறைக்காகக் காத்து நிற்பதும் அங்கேதான். படகிலிருந்தே நேராக ஆழத்தில் இறங்குவது கொஞ்சம் மேல், அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. அப்படிப்பட்ட ஏரிக்குப் போய் வந்தால் சில வாரம் கழித்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், பிராசிகுவான்டெல் மாத்திரையில் குணமாகும். பெருமழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல். 1998-இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஏரியில் நடந்த ட்ரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த போட்டி) நீந்திய பலருக்கு அது வந்தது. காலில் சிராய்ப்பு இருந்தால் மழைக்குப் பிறகு சில நாள் பொறுங்கள். தண்ணீர் மேல் பச்சைப் பெயிண்டைக் கொட்டியது மாதிரி படர்ந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசி, அன்று வேண்டாம். படகு கிளப்பும் தூறலில் அந்தப் பாசியின் நச்சு மூச்சோடும் போகும்.

அப்புறம் அணை நீர்த்தேக்கங்கள். காடு மூழ்கி உண்டான தேக்கமாக இருந்தால் அடியில் மரக்கட்டைகள் நின்றுகொண்டிருக்கும். ஆப்பிரிக்காவின் கரீபா ஏரியில் அவற்றை வெளியிலேயே பார்க்கலாம். நீர்மட்டம் இறங்கினால், போன மாதம் ஆழமாக இருந்த பாதை இந்த மாதம் இரண்டடி ஆகியிருக்கும். அதனால் கயிறு கட்டும் முன் படகை மட்டும் ஒருமுறை மெதுவாக அந்தப் பாதையில் ஓட்டிப் பார்ப்போம். இன்றைக்கும் அதைத்தான் செய்யப் போகி...

கேட்டதா? கேமராவில் விழுந்ததா தெரியவில்லை. மேற்கே இடி. மேகம் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது, இருந்தாலும் சத்தம் காதில் விழுந்துவிட்டால் மின்னல் நம்மை எட்டும் தூரம்தான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை தண்ணீரில் யாரும் இல்லை. கயிற்றைச் சுற்றி வைக்கிறேன், காருக்குள் போய்க் காத்திருக்கிறோம். வானம் தெளிந்தால் மறுபடி கேமராவைப் போடுகிறேன்.